வீட்டில் கட்டும் சி.என்.சி. ரவுட்டர்: வாசகர் கேள்வி – பதில்

மரம், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), அக்ரிலிக் செதுக்கும் சின்ன சி.என்.சி. ரவுட்டரை, அதாவது கணினி சொல்கிறபடி சுழலும் பிட்டால் வெட்டும் இயந்திரத்தை, சொந்தமாகக் கட்ட இறங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பெயர்ப் பலகையும், பூஜை அறைக் கதவுக்கு ஜாலி (துளை வைத்த பின்னல்) டிசைனும் வெட்ட வேண்டும். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. 3018 கிட் வாங்குவதா, நானே கட்டுவதா?
– தச்சர், கும்பகோணம்

3018 என்ற எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது: 300 × 180 மி.மீ. சாவிக்கொத்து, சர்க்யூட் போர்டு, சின்ன முத்திரை போன்ற வேலைகளுக்கு அது சரி. தேக்கில் ஜாலி வெட்ட அந்தச் சட்டமும் தாங்காது, அதிலுள்ள 775 மோட்டாரும் தாங்காது. உங்கள் வேலைக்கு 600 × 400 மி.மீ. வெட்டும் பரப்பு வேண்டும். கட்டிவிடுங்கள்.

வாங்க வேண்டியவை: 10 கிலோ-செ.மீ. நீமா 23 ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு படியாகச் சுழல்வது) 3, டி.பி.6600 டிரைவர் (மோட்டாரை ஓட்டும் போர்டு) 3, 24 வோல்ட் 15 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். 1, ஆர்டுயினோ உனோ (கன்ட்ரோலர் போர்டு) 1, எஸ்.பி.ஆர்.16 ரயில் மூன்று அச்சுக்கும் (இடவலம் எக்ஸ், முன்பின் ஒய், மேல்கீழ் இசட்) சேர்த்து சுமார் மூன்றரை மீட்டர், அதன்மேல் ஓடும் பிளாக் 12, நட்டோடு டி8 லீட் ஸ்க்ரூ (சுழன்று வண்டியை நகர்த்தும் புரித்தண்டு) 3, மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங் 3, ஸ்க்ரூவின் முனைகளுக்கு பேரிங், 18 மி.மீ. பிளைவுட் அரை ஷீட், பிட்டைச் சுழற்ற ஒரு டிரிம்மர் ரவுட்டர், எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன், லிமிட் ஸ்விட்ச் (வண்டி கோடிக்கு வந்ததைச் சொல்வது), ஒயர், நாலைந்து கார்பைடு பிட். விலை கடைக்குக் கடை மாறும். ஆனாலும் விசாரித்து வாங்கினால் 30,000-ஐ ஒட்டி முடித்துவிடலாம். இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரயிலுக்கும் பிளாக்குக்குமே போய்விடும். போகட்டும். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கன்ட்ரோலரில் காசைக் கொட்டிவிட்டு ரயிலில் மிச்சம் பிடிக்கிறார்கள். போர்டை அடுத்த வருஷம் அரை மணி நேரத்தில் மாற்றலாம். ரயிலை மாற்ற வேண்டுமென்றால் இயந்திரத்தையே பிரிக்க வேண்டும்.

ரயில் நீளத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வெட்டும் நீளத்தோடு அதன்மேல் ஓடும் வண்டியின் நீளத்தையும், இருபக்கமும் 25 மி.மீ. இடைவெளியையும் கூட்ட வேண்டும். கேன்ட்ரியின் (பிட்டைச் சுமந்து குறுக்கே நிற்கும் பாலம்) அடிப்பக்கம் 150 மி.மீ. என்றால் 600 வெட்ட 800 மி.மீ. ரயில் தேவை. 600 ரயில் வாங்கினால் 400 மி.மீ.தான் வெட்டும்.

பழைய 3டி பிரிண்டரின் 8 மி.மீ. ராடும் நீமா 17 மோட்டாரும் கிடக்கின்றன. அவற்றை வைத்தே ரவுட்டர் செய்யலாமா?
– பொறியியல் மாணவர், கோவை

மோட்டாரை வைத்துக்கொள்ளலாம், ராடை வேண்டாம். பிரிண்டரின் முனை பொருளைத் தொடுவதே இல்லை, பிளாஸ்டிக்கை ஊற்றிக்கொண்டே போகிறது. ரவுட்டர் பிட்டோ மரத்தோடு மல்லுக்கட்டுகிறது.

கணக்குப் போட்டே பாருங்கள். இரு முனையில் மட்டும் தாங்கிய 600 மி.மீ. ராடு இரண்டு, நடுவில் ஐந்து கிலோ பாரம். 8 மி.மீ. ராடு ஏறக்குறைய 2.7 மி.மீ. தொங்கும். 12 மி.மீ. என்றால் 0.54, 16 மி.மீ. என்றால் 0.17. வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏறுகிறது, விட்டத்தின் நான்மடிக்குக் குறைகிறது. அதனால்தான் நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிறது. முனைகளை இறுக்கமாகப் பிடித்தால் இன்னும் குறையும் என்பது உண்மை. ஆனால் பிளைவுட்டில் செருகிய ராடு அப்படி இறுகி நிற்பதில்லை. 300 மி.மீ.க்கு உட்பட்ட சின்ன மேசைக்கு 16 மி.மீ. ராடு போதும். அதற்கு மேல் போனால் அடிமுழுக்கத் தாங்கு உள்ள எஸ்.பி.ஆர். ரயில், வசதி இருந்தால் எச்.ஜி.ஆர். சதுர ரயில்.

இன்னொன்றும் பலர் கண்ணில் படுவதில்லை. பிட்டின் முனை எக்ஸ் அச்சு ரயிலுக்குக் கீழே எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அவ்வளவுக்கு கேன்ட்ரி முறுக்கிக்கொள்ளும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இசட் அச்சை 150 மி.மீ. உயரம் வைப்பார்கள், வெட்டுவதோ 18 மி.மீ. பலகை. கேன்ட்ரிக்கு அடியில் 70 மி.மீ. இடம் போதும். எக்ஸ் ரயில் இரண்டுக்கும் நடுவே மேலும் கீழுமாக 120 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி கொடுங்கள்.

சட்டத்துக்கு பிளைவுட்டா, அலுமினியம் புரொஃபைலா, இரும்பு பாக்ஸ் பைப்பா?
– திருநெல்வேலி வாசகர்

வெல்டிங் பட்டறை பழக்கம் இருந்தால் இரும்பு. விறைப்புக்கும் விலைக்கும் அதை அடிக்க ஆளில்லை. பிரிண்ட்என்சி என்ற பொதுவெளி வடிவமைப்பு இரும்பு பாக்ஸ் பைப்பையும் 3டி பிரிண்ட் உதிரிகளையும் வைத்துச் செய்வதுதான். அதில் வெல்டிங்கும் கிடையாது, எல்லாம் போல்ட். வெல்டிங் வைத்தால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் இயந்திரத்துக்கு பிளைவுட் தாராளமாகப் போதும். மரைன் பிளை, அதாவது ஐ.எஸ்.710 முத்திரை உள்ளதை வாங்குங்கள். கேன்ட்ரியைத் தனிப் பலகையாக நிறுத்தாமல் முன்னும் பின்னும் பலகை வைத்துப் பெட்டியாக மூடிவிடுங்கள். அந்த ஒரு மாற்றம் 18 மி.மீ.யை 36 ஆக்குவதைவிட அதிகம் உழைக்கும். எம்.டி.எஃப். மேசைக்கு நல்லது, சட்டத்துக்கு ஆகாது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும், விளிம்பில் ஸ்க்ரூ பிடிக்காது. அதைப் போட்டே ஆகவேண்டுமென்றால் எல்லா முகத்துக்கும் சீலர் அடியுங்கள்.

கட்டும்போது ஒரு ரயிலை மட்டும் முழுக்க இறுக்குங்கள். இரண்டாவதைத் தளர்வாக வைத்து, வண்டியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரே விரலால் தள்ளி வண்டி போக வேண்டும். எங்காவது பிடித்தால் மோட்டார் போட்டாலும் அங்கே பிடிக்கத்தான் செய்யும். செங்கோணத்துக்கு மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் 300–400–500 அளவு வைத்தும், இரு மூலைவிட்டத்தையும் அளந்தும் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் மேலே ஒரு எம்.டி.எஃப். பலகையை ஸ்க்ரூ அடித்து, அகலமான பிட்டால் அந்த இயந்திரத்தாலேயே அரை மி.மீ. சீவிவிடுங்கள். மேசை மட்டமாக இல்லையென்றாலும் அதன்பின் பிட்டுக்கு மட்டமாகிவிடும்.

டிரிம்மருக்குப் பதிலாகக் கை டிரில் மெஷினைக் கட்டலாமா?
– யாழ்ப்பாண வாசகர்

வேண்டாம். டிரில்லின் பேரிங் நேராக அழுத்துவதற்குச் செய்தது, பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. சக்கில் ஆட்டமும் அதிகம். வேகமும் நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டித்தான், உங்களுக்கு 10,000-க்கு மேல் தேவை. வேகத்தைக் கூட்டிக் குறைக்க டயல் உள்ள டிரிம்மர் வாங்குங்கள். மகிட்டா ஆர்.டி.0700 வகையில் 10,000 முதல் 30,000 வரை வைக்கலாம், உடம்பு 65 மி.மீ. உருளை என்பதால் கிளாம்ப் செய்வதும் சுலபம். ஒரே வேகத்தில் 30,000 ஓடும் மலிவு டிரிம்மர் மரத்துக்கு எப்படியோ ஒப்பேறும், அக்ரிலிக்கை உருக்கிவிடும்.

பெல்ட், லீட் ஸ்க்ரூ, பால் ஸ்க்ரூ: எது? ஸ்டெப் கணக்கு எப்படிப் போடுவது?
– ஓசூர் வாசகர்

600 மி.மீ. வரை டி8 லீட் ஸ்க்ரூ, ஸ்பிரிங் வைத்த, திசை மாறும்போது ஆடாத ஆன்டி-பேக்லாஷ் நட்டோடு. மீட்டர் கணக்கில் நீளம் போனால் 8 மி.மீ. ஸ்க்ரூ சுழலும்போது கயிறு மாதிரி அடித்துக்கொள்ளும். அங்கே நட்டுக்குள் சிறு குண்டுகள் உருளும் 16 மி.மீ. பால் ஸ்க்ரூவுக்குப் போங்கள். பெல்ட் வேகமானது, மலிவானது, ஆனால் இழுபடும். இசட் அச்சில் பெல்ட் வேண்டவே வேண்டாம், கரண்ட் போனால் டிரிம்மர் பலகைமேல் இறங்கிவிடும்.

கணக்கு எளிது. 1.8 டிகிரி மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் மைக்ரோஸ்டெப் 8 வைத்தால், அதாவது ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரித்தால், 1,600. டி8 ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தினால் 1,600 ÷ 8 = 200 ஸ்டெப் ஒரு மி.மீ.க்கு. 1605 பால் ஸ்க்ரூவுக்கு (சுற்றுக்கு 5 மி.மீ.) 320, 20 பல் ஜி.டி.2 பெல்ட்டுக்கு (சுற்றுக்கு 40 மி.மீ.) 40. டி8-லேயே சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்தும் வகையும் விற்கிறது. பில்லில் ‘லீட்’ எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். உனோ போர்டில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். மென்பொருளில் இந்த எண்ணை $100, $101, $102 என்ற இடங்களில் எக்ஸ், ஒய், இசட் வரிசையில் போட வேண்டும்.

சுருள் வெட்டு கப்ளிங் அச்சுத் திசையில் ஸ்பிரிங் போல நீளும், சுருங்கும். ஆகவே ஸ்க்ரூவின் இழுப்பை கப்ளிங்மேல் விடாமல், முனையில் பேரிங்கும் காலரும் போட்டுப் பூட்டுங்கள்.

100 மி.மீ. சதுரம் வெட்டினால் 99.6 வந்தது. $100 மதிப்பைக் கூட்டிச் சரிசெய்தேன். இப்போது 100 சரியாக வருகிறது, 200 வைத்தால் 200.4 வருகிறது. வட்டமும் சரியாக இல்லை. ஏன்?
– சேலம் வாசகர்

ஸ்டெப் கணக்கில் தவறே இல்லாதபோது அதைத் திருத்தியிருக்கிறீர்கள். முதலில் 200 வைத்து வெட்டியிருந்தால் 199.6 வந்திருக்கும். பிழை அளவோடு வளரவில்லை, எப்போதும் அதே 0.4. நிலையாக நிற்கும் பிழைக்குக் காரணம் வேறு. $100-ஐப் பழைய மதிப்புக்கே திருப்பிவையுங்கள். லீட் ஸ்க்ரூவின் புரியைவிட நம் டேப் நம்பகமானதல்ல.

இனி ஒரே பலகையில் ஒரு சதுரத்தைத் துண்டாக வெட்டி எடுங்கள், அதே அளவில் ஒரு சதுரக் குழியும் வெட்டுங்கள். துண்டு சிறுத்து, குழி பெருத்திருந்தால் பிட் பிழை: நீங்கள் சொன்ன விட்டத்தைவிட அது அகலமாக வெட்டுகிறது. பிட் அளவு தவறாக இருக்கலாம், பிட்டைப் பிடிக்கும் கொலெட்டில் தூசி இருந்து பிட் கோணலாகச் சுற்றலாம். துண்டும் சிறுத்து, குழியும் சிறுத்திருந்தால் பேக்லாஷ்: திசை மாறும்போதெல்லாம் நட் புரிக்குள் ஆடிய பிறகே வண்டி நகர்கிறது. 50, 100, 200 என்று அளவு ஏற ஏறப் பிழையும் அதே விகிதத்தில் ஏறினால் மட்டும்தான் ஸ்டெப் எண்ணைத் தொட வேண்டும்.

வட்டமும் இதையேதான் சொல்லும். மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு புள்ளிகளில் சின்ன வெட்டுப்படி தெரிந்தால் பேக்லாஷ். வட்டம் மூலைவாக்கில் சாய்ந்த முட்டையாக வந்தால் எக்ஸும் ஒய்யும் செங்கோணத்தில் இல்லை, கேன்ட்ரி கோணல்.

பேக்லாஷ் என்று தெரிந்தால் அளந்துவிடுங்கள். டயல் கேஜை வண்டியில் முட்டவைத்து, ஒரே திசையில் 5 மி.மீ. நகர்த்தி முள்ளைப் பூஜ்யம் ஆக்குங்கள். மேலும் 1 மி.மீ. போய், அதே 1 மி.மீ. திரும்புங்கள். பூஜ்யத்துக்கு வராமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் ஆட்டம். மரவேலைக்கு 0.1 வரை பொறுக்கலாம். 0.4 என்றால் பெரும்பாலும் நட் தேய்ந்திருக்காது, எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். முதலில் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ, அப்புறம் முனை பேரிங், கடைசியில்தான் நட்.

பிட்டைக் கழற்றிவிட்டு ஒரு பால்பாயின்ட் ரீஃபிலைச் செருகி அதே சதுரத்தைத் தாளில் வரையச் சொல்லியும் பாருங்கள். தாளில் சரியாக வந்து மரத்தில் மட்டும் தவறினால் இயந்திரம் வளைகிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் இறங்கும் ஆழத்தைக் குறைத்து, கடைசியில் 0.2 மி.மீ. விட்டுவைத்து ஒரு சுற்று இழைத்தால் சரியாகும்.

அடுத்தடுத்து மூன்று டிரைவர் சிப் புகைந்துவிட்டது. டி.ஆர்.வி.8825, சி.என்.சி. ஷீல்டு (உனோமேல் செருகும் போர்டு), நீமா 17. மட்டமான சரக்கா? இசட் லிமிட் ஸ்விட்சும் வேலை செய்யவில்லை, ஏன்?
– எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், மதுரை

சரக்கைக் குற்றம் சொல்லுமுன் மூன்று விஷயம் பாருங்கள். சப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் கனெக்டரைக் கழற்றினாலோ, கனெக்டர் தானாகத் தளர்ந்தாலோ, காயிலில் எழும் மின்னழுத்தம் சிப்பைக் கொன்றுவிடும். பெரும்பாலான சாவு இதனால்தான். அடுத்தது, திருப்பிச் செருகுவது. ஏ4988-லும் டி.ஆர்.வி.8825-லும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு எதிரெதிர் முனையில் இருக்கும். பழையதன் திருகைப் பார்த்துப் புதியதைச் செருகினால் தலைகீழாகிவிடும். திருகை மறந்து, எனேபிள் பின்னுக்கு எனேபிள் என்று பொருத்துங்கள். மூன்றாவது கரண்ட். டி.ஆர்.வி.8825-ல் வி-ரெஃப் (திருகில் வைக்கும் வோல்ட்) அளவைப்போல இரு மடங்கு ஆம்பியர்: 0.6 வோல்ட் வைத்தால் 1.2 ஆம்பியர். ஹீட்சிங்க் மட்டும் போதாது, சின்ன ஃபேன் ஒன்று அவசியம்.

இன்னொரு சந்தேகமும் கேட்டிருந்தீர்கள். இசட் லிமிட் ஸ்விட்ச் வேலை செய்யாததற்கு ஸ்விட்ச் காரணமல்ல. ஜி.ஆர்.பி.எல். 1.1 இசட் லிமிட்டை 12-ம் பின்னுக்கு மாற்றிவிட்டது, பழைய ஷீல்டில் அச்சிட்டிருப்பது 11. ஸ்பின்டில் எனேபிள் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகுங்கள்.

டிரிம்மரைப் போட்டதும் அலாரம் வந்து நின்றுவிடுகிறது. சில சமயம் யு.எஸ்.பி. இணைப்பே அறுந்துபோகிறது.
– சென்னை வாசகர்

டிரிம்மரில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார். அதன் பொறி எழுப்பும் இரைச்சல் லிமிட் ஸ்விட்ச் ஒயரில் ஏறி, ஸ்விட்ச் தொட்டதாக போர்டை நம்பவைக்கிறது. ஸ்விட்சை என்.சி. (தொடாதபோது இணைந்திருக்கும்) முறையில் மாற்றி $5=1 வையுங்கள். ஒவ்வொரு சிக்னல் ஒயரிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். வலை சுற்றிய ஷீல்டு ஒயரில் அந்த வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மோட்டார் ஒயரையும் டிரிம்மர் ஒயரையும் ஸ்விட்ச் ஒயரோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

யு.எஸ்.பி. அறுவதற்கு: ஒன்றரை மீட்டருக்குள் ஃபெரைட் உள்ள கேபிள், டிரிம்மருக்குத் தனி பிளக் பாயின்ட், எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் எர்த். லேப்டாப்பை ஒருமுறை சார்ஜர் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். வேக்குவம் கிளீனர் வைத்திருந்தால் அதன் குழாயில் தேங்கும் நிலைமின்சாரமும் இதைச் செய்யும். குழாயோடு ஒரு வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த் செய்தால் நிற்கும். அதுவரை $21=0 வைத்து ஹார்டு லிமிட்டை அணைத்துவிட்டு, ஹோமிங்கும் (தொடக்க இடத்தைத் தேடுவது) சாஃப்ட் லிமிட்டும் (மென்பொருளில் வைக்கும் எல்லை) வைத்து ஓட்டலாம்.

தேக்கில் 6 மி.மீ. பிட் கருக்கிவிடுகிறது. 30,000 வேகம், நிமிடத்துக்கு 400 மி.மீ. நகர்வு. இன்னும் மெதுவாக ஓட்டட்டுமா?
– ஈரோடு வாசகர்

மெதுவாக ஓட்டுவதால்தான் கருகுகிறது. 400-ஐ 30,000-ஆலும் இரண்டு பல்லாலும் வகுத்தால் ஒரு பல் ஒருமுறைக்கு 0.007 மி.மீ. சீவுகிறது. அது வெட்டல்ல, உரசல். சூடு சீவலோடு வெளியே போக வேண்டும், இங்கே தூள்தான் வருகிறது. டயலை 12,000-க்கு இறக்குங்கள். ஒரு பல்லுக்கு 0.06 என்று வைத்தால் 12,000 × 2 × 0.06 = 1,440 மி.மீ. ஆழம் ஒரு முறைக்கு 2 மி.மீ. இயந்திரம் முனகினால் நகர்வைக் குறைக்காதீர்கள், ஆழத்தைக் குறையுங்கள். மூலைகளில் மட்டும் கருகினால் முடுக்கம் போதவில்லை, $120, $121 இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஸ்டெப் தவறத் தொடங்கினால் ஒரு படி இறங்கிவிடுங்கள். தேக்கில் சிலிக்கா உண்டு, எச்.எஸ்.எஸ். பிட் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு மட்டும் போடுங்கள்.

அலுமினியம் வெட்டுமா?
– பல வாசகர்கள்

மெல்லிய தகடு வெட்டும், பொறுமை இருந்தால். 3.175 மி.மீ. ஒற்றைப் பல் கார்பைடு, 10,000 வேகம், நிமிடத்துக்கு 300 மி.மீ., ஆழம் 0.2. தகடு 6061 அல்லது 6082 ஆக இருக்கட்டும், மெத்தென்ற சாதாரண ஷீட் பிட்டில் அப்பிக்கொள்ளும். லேத் பட்டறைப் பழக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், டிரிம்மர் பிரஷ்ஷில் பொறி பறக்கிறது. காற்று ஊதினால் போதும்.

தமிழ்ப் பெயர்ப் பலகை செதுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன. எந்த மென்பொருள் சரி?
– பலகை எழுதுபவர், நாகர்கோவில்

செதுக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கட்டத் தெரியாது. அங்கே தட்டச்சு செய்யாதீர்கள். இங்க்ஸ்கேப்பில் எழுதி, எழுத்தைப் பாதையாக மாற்றி, டி.எக்ஸ்.எஃப். கோப்பாக எடுத்து எஃப்-என்கிரேவ் மென்பொருளில் திறவுங்கள். இரண்டுமே இலவசம். அது தரும் ஜி-கோடை (இயந்திரத்துக்கான கட்டளை வரிகள்) கேண்டில் அல்லது யுனிவர்சல் ஜி-கோட் சென்டர் (Sender) மூலம் போர்டுக்கு அனுப்பலாம்.

வி-பிட்டில் கோட்டின் அகலம்தான் ஆழத்தைத் தீர்மானிக்கும். 8 மி.மீ. கோட்டுக்கு 90 டிகிரி பிட் 4 மி.மீ. இறங்கும், 60 டிகிரி பிட் கிட்டத்தட்ட 7 மி.மீ. இறங்கும். 12 மி.மீ. பலகைக்கு 90 போதும். பலகை 0.2 மி.மீ. மேடு பள்ளமாக இருந்தாலும் 90 டிகிரியில் கோடு 0.4 மி.மீ. தடித்தோ மெலிந்தோ போகும். ழ, ண எழுத்துகளின் சுழி அடைபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

வீட்டுக்குள்ளேயே ஓட்டுகிறேன். குழந்தைகள் இருக்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
– திருச்சி வாசகர்

முதலில் தூசி. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எம்.டி.எஃப். தூசி இன்னும் நுண்ணியது, அதில் ஃபார்மால்டிஹைடு பசையும் உண்டு. என்-95 முகக்கவசம் உங்களுக்கு, பூட்டிய கதவு குழந்தைகளுக்கு. எமர்ஜென்சி பட்டன் மோட்டார் சப்ளையை மட்டுமல்லாமல் டிரிம்மரையும் சேர்த்து அணைக்க வேண்டும். மென்பொருளில் உள்ள ஸ்டாப் பட்டன் அதற்கு ஈடாகாது. அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கட்டும். ஓடும் இயந்திரத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மழுங்கிய பிட் கருக்கிய கங்கு வேக்குவம் பையில் போய் விழுந்தால் அரைமணி கழித்துத்தான் புகை தெரியும். வேலை முடிந்ததும் தூசிப் பையை வெளியே கொட்டிவிடுங்கள். கையுறை போட வேண்டாம், சுழலும் பிட் துணியோடு கையையும் இழுத்துக்கொள்ளும்.

பேரலல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. பயன்படுமா?
– வேலூர் வாசகர்

படும். லினக்ஸ்சி.என்.சி. மென்பொருளை நிறுவினால், போர்ட்டின் ஒயர்களைப் பிரித்துத் தரும் ஒரு பிரேக்அவுட் போர்டோடு நேரடியாக டிரைவர்களை ஓட்டலாம். மாக்3 மென்பொருளைப் போட நினைத்தால் 32 பிட் விண்டோஸ் வேண்டும், 64 பிட்டில் அதன் பேரலல் போர்ட் டிரைவர் ஓடாது. இரண்டும் சிரமமாகத் தெரிந்தால் அதே கணினியின் யு.எஸ்.பி.யில் உனோ போர்டைச் செருகிவிடுங்கள், ஜி-கோட் அனுப்ப அது தாராளம்.